உடல் பருத்தவருக்கும் சிறுதுளைச் சத்திரசிகிச்சை

நெய்ச்சோறும் இறைச்சியும் உண்ட இரவில் வலது விலாவின் கீழே வலி எடுத்து முதுகுக்கோ தோளுக்கோ ஏறினால், 'காஸ்ட்ரிக்' என்று இஞ்சித் தேநீர் குடித்துப் படுத்துவிடுகின்றோம். வாசகர்களே! அது பித்தப்பைக் கல்லாகவும் இருக்கலாம். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். 40 வயதைத் தாண்டிய, உடல் பருத்த தாய்மாரிடம் இது அதிகம்.

"இந்த உடம்புக்கு ஒப்பரேசனா?" என்று அஞ்சுவோர் நம்மூர்களில் நிறையப் பேர். 1985இல் ஜேர்மனியில் எரிச் மியூஹே சிறு துளைகளினூடாகப் பித்தப்பையை அகற்றினார். 1990இல் மும்பாய் ஜே.ஜே. வைத்தியசாலையில் டாக்டர் உட்வாடியா அதனை இந்தியாவில் ஆரம்பித்தார். பருத்தவர்களுக்கு இது ஆகாது என்றே அன்று கருதினர். இன்று நிலைமை தலைகீழ். வயிற்றை நீளமாகக் கீறினால், கொழுப்பு மிகுந்த இடத்தில் சீழ் பிடிப்பதும் பின்னர் குடலிறக்கம் வருவதும் அதிகம். துளைகளில் அவ்வாபத்துக் குறைவு. நீண்ட கருவிகளும், மயக்க மருந்து கொடுப்பவரின் கூடுதல் கவனமும் தேவைப்படும்.

எடை குறைக்க இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்தவர்களின் கதை வேறு. எடை விரைந்து இறங்கும்போது பித்தத்தில் கொலஸ்ட்ரோல் மிகுந்து கல் உண்டாகின்றது. அதனைத் தடுக்கவே பல வைத்தியர்கள் 6 மாதம் வரை 'அர்சோ' மாத்திரை தருகின்றனர். குடலை மாற்றி இணைத்த 'பைபாஸ்' என்றால், பித்தக்குழாயில் இறங்கிய கல்லை வாய்வழியே குழாய் விட்டு எடுப்பது கடினம். பாதையே மாறிவிட்டதல்லவா? ஆகவே, கொழும்பிலோ வெளிநாட்டிலோ அதனைச் செய்துவிட்டு, ஊர் வாய்க்குப் பயந்து மறைத்திருக்கும் சகோதரிகளே, வைத்தியரிடம் மட்டும் மறைக்காதீர்கள். பழைய டயக்னோஸிஸ் கார்ட்டையும் கையோடு கொண்டு செல்லுங்கள். கண் மஞ்சளித்தாலோ, நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.