மூட்டமும் நல்லதே!

ஒரு நாள் உலாவுக்காகக் கோடைக்கானல் வந்தாயிற்று. வீட்டு நாயும் கூடவே வந்திருக்கிறது. வானமோ ஒரே மூட்டம்! "இந்தக் குளிரில் ஏரிக்கரையா?" என்று வீட்டுக்காரர் கம்பளிக்குள் சுருண்டுகொள்கிறாரா? விடாதீர்கள், கிளப்புங்கள்!

நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வெயிலில் காய்ந்த தார் ரோடு அதன் பாதத்தைச் சுட்டுவிடும். ஆகவே மூட்டமான நாள்தான் அதற்குத் திருநாள்!

1863-ல் லெவிஞ்ச் துரை கரை கட்டி உண்டாக்கிய இந்த நட்சத்திர வடிவ ஏரியைச் சுற்றிவரச் சுமார் 5 கிலோ மீட்டர். மூடுபனி விலக விலக, எதிர்க்கரை மெல்ல மெல்ல எட்டிப் பார்க்கும் அழகே தனி!

சில விஷயங்களில் மட்டும் கண்டிப்பு வேண்டும். கரையில் வாடகைக் குதிரைகள் உண்டு, சங்கிலியைக் கைவிடாதீர்கள். ஏரித் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். தேங்கிய நீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம். நாய்க்கு வந்தால் நமக்கும் தொற்றக்கூடும். குடிநீரும் கிண்ணமும் கையோடு இருக்கட்டும். தூறலில் நனைந்தால் உடனே துண்டால் ஒற்றித் துடையுங்கள். குட்டை முடியுள்ள ராஜபாளையம் நாய்க்குக் குளிர் சீக்கிரமே உறைக்கும்.

அப்புறம் என்ன? ஃபிளாஸ்க் காப்பி உங்களுக்கு, பிஸ்கட்டு அதற்கு. வெயில் வராவிட்டால் போகட்டும். வால் ஆடுகிறதே, அது போதாதா?