எல்லைச் சாவடியில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள்

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தலைநகராகிய அக்ராவிலிருந்து நைஜீரியாவின் லாகோஸ் நகருக்குக் கடற்கரையோரமாக ஒரு சாலை செல்கிறது. அதன் நீளம் மதுரைக்கும் சென்னைக்கும் இடையிலுள்ள தொலைவுக்கு ஏறத்தாழச் சமமானது. அத்தொலைவை மோட்டார் சைக்கிளில் கடக்கும் ஒருவர், இடையே டோகோ, பெனின் என்னும் இரு நாடுகளை ஊடுருவி, மூன்று எல்லைகளைத் தாண்ட வேண்டும். ஆட்சிமொழி ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சாக மாறி மீண்டும் ஆங்கிலமாகும். சிடி, பிராங்கு, நைரா என நாணயமும் மாறும்.

நம் மதுரைச் சமவெளியிலும் எல்லைப் பயணம் உண்டு. சென்னையில் செய்யப்பட்ட பழைய புல்லட் வண்டி ஒன்று என்னிடம் உள்ளது. அதில் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, கம்பம் வழியாகக் குமுளி மலைப்பாதையில் நான் பலமுறை ஏறியிருக்கிறேன். சுமார் 140 கிலோமீட்டர் சென்றதும் கேரளம் வந்துவிடுகிறது. பலகைகளில் எழுத்து மாறுகிறது; பையிலுள்ள பணம் மாறுவதில்லை.

முன்னாளில் அதுவும் மாறியது. திருவாங்கூர் மன்னராட்சியில் சக்கரம் என்னும் நாணயம் வழங்கிற்று. ஆங்கில இந்திய ரூபாய் ஒன்றுக்கு 28½ சக்கரம். அஞ்சல் என்ற பெயரில் தனித் தபால் முறையும் அங்கே இருந்தது. 1949இல் திருவாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. பண்டங்களின் மீதான வணிகவரிச் சோதனையும் 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் எல்லைகளிலிருந்து நீங்கிற்று.

எல்லையில் மனிதரைவிட வண்டியை ஏன் துருவி ஆராய்கிறார்கள் என்று மாணவர்கள் கேட்கலாம். வண்டி விலைபோகும் பொருள் அன்றோ? பயணி போல உள்ளே கொணர்ந்து, சுங்கவரி கட்டாமல் விற்றுவிட்டால் அரசுக்கு இழப்பு. ஆகவே அதிகாரி எஞ்சின் எண்ணையும் சட்ட எண்ணையும் பதிவுச் சான்றோடு ஒப்பிடுகிறார். இவற்றில் ஓர் இலக்கம் பிழைபட்டாலும் பயணம் தடைப்படக்கூடும்.

இவ்வையத்தைப் போக்க எழுந்ததே ‘கார்னே’ என்னும் ஏடு. வண்டியின் சொந்த நாட்டிலுள்ள மோட்டார் சங்கம், பிணைத்தொகை பெற்று இதனை வழங்குகிறது. நுழையும்போது ஒரு பகுதியும் வெளியேறும்போது மற்றொரு பகுதியும் கிழித்துக்கொள்ளப்படும்; அடிக்கட்டையில் முத்திரை விழும். வெளியேறிய முத்திரை இல்லையெனில் வரியைச் சங்கமே செலுத்த நேரும். இவ்வேடு இல்லாதோர்க்கு, பிரெஞ்சு வழங்கும் பல ஆப்பிரிக்க எல்லைகளில், சில நாள்களுக்கு மட்டும் செல்லும் தற்காலிக அனுமதிச் சீட்டு தரப்படும்.

1975இல் லாகோஸ் நகரில் கையொப்பமான உடன்படிக்கையால் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் ஒரு பொருளாதாரக் கூட்டமைப்பைக் கண்டன. 1979ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி, உறுப்பு நாட்டுக் குடிமக்கள் விசா இன்றி 90 நாள் வரை தங்கலாம். அவர்தம் சொந்த வண்டிகளுக்கும் அதே கெடு. நம் நாட்டிலோ, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி மற்றொரு மாநிலத்தில் 12 மாதத்திற்கு மேல் இருப்பின், அங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும். குமுளியிலும் கோடு முற்றும் அழிந்துவிடவில்லை என்பது இதனால் விளங்கும்.

அக்கோடு 2020இல் திடீரெனத் தடித்தது. பெருந்தொற்றுக் காலத்தில் மாநில எல்லையைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியலில் ஜீப்பேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் உழைத்து, மாலையில் வீடு திரும்பிய தொழிலாளர் வழியின்றி நின்றனர். என் போன்ற உல்லாசப் பயணிக்கு எல்லை ஒரு பொழுதுபோக்கு. அவர்களுக்கோ அது அன்றன்றைய கூலி. முல்லைப் பெரியாற்று நீர் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கவழி வந்து மதுரை வயல்களை நனைக்கிறது. அவ்வயல்களைக் கடந்து மலையேறும் உழைப்பாளிக்கும் வழி திறந்திருத்தல் வேண்டும். எல்லைச் சட்டம் எதனையும் எடைபோடும்போது, அதனால் அன்று எவருடைய அடுப்பு எரியாது போகும் என்பதையும் மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் நலம்.