பனியில் கருகிய மரம்: வெட்டும் முன் கீறிப் பாருங்கள்

2021 பிப்ரவரி நடுவில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் ஏறக்குறைய ஒரு வாரம் உறைந்து கிடந்தது. 16ஆம் தேதி டாலஸில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹூஸ்டனிலேயே மைனஸ் 10. பனி உருகியதும் வீட்டு முற்றங்களும் தெருவோரங்களும் பழுப்பாகிக் கிடந்தன. குளிர்காலத்திலும் பச்சை மாறாத லைவ் ஓக் மரங்களின் இலைகள்கூடக் கருகித் தொங்கின. மரம் பட்டுப்போய்விட்டது என்று பார்த்தவுடன் தோன்றும். ஆனால் அந்த லைவ் ஓக் மரங்களில் மிகப் பல ஏப்ரலிலும் மே மாதத்திலும் மறுபடி துளிர்த்தன. கடும் உறைபனிக்குப் பிறகு மரத்துக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சில வாரம் பொறுத்திருப்பதுதான்.

மரத்துக்குள் நடப்பது இது. குளிர் மெல்ல இறங்கினால் செல்களுக்கு இடையே உள்ள நீர் முதலில் உறையும். அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்க, செல் வறண்டு சுருங்கும். ஓரளவுக்கு மரம் இதைத் தாங்கும். குளிர் திடீரென்று இறங்கிச் செல்லுக்கு உள்ளேயே பனி கட்டினால் அந்தச் செல் கிழிந்து செத்துவிடும். இலையுதிர்காலம் முதலே இரவுகள் படிப்படியாகக் குளிர்ந்துவந்தால், மரம் செல்களில் சர்க்கரையைச் சேர்த்துத் தன்னைத் தயார்செய்துகொள்ளும். டெக்சஸின் மிதமான குளிர்காலத்தில் அந்தத் தயாரிப்பு அரைகுறையாகத்தான் நடக்கிறது. இன்னொரு சேதம் வெளியே தெரியாது. தண்டில் நீர் ஏறும் குழாய்கள் உறைந்து உருகும்போது அவற்றில் காற்றுக்குமிழ்கள் அடைத்துக்கொள்ளும். அதனால் வசந்தத்தில் துளிர்விட்ட கிளை, வெயில் ஏறியதும் தண்ணீர் எட்டாமல் வாடிப்போகலாம். முதல் துளிரைப் பார்த்ததும் மரம் பிழைத்துவிட்டது என்று நம்பிவிடவும் முடியாது.

கிளைக்கு உயிர் இருக்கிறதா என்று அறிய நகமோ சிறு கத்தியோ போதும். நுனிக்கொம்பில் மேல்பட்டையை லேசாகக் கீறுங்கள். அடியில் பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது; பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அந்த இடம் செத்துவிட்டது. அங்கிருந்து தண்டை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறிக்கொண்டே வந்தால் பச்சை எங்கே தொடங்குகிறது என்று தெரியும். ஒரு கிளையை வைத்து மரத்தையே முடிவுசெய்யாமல் நாலு பக்கமும் பாருங்கள். பச்சை தெரிந்தாலும் உடனே கவாத்து செய்ய வேண்டாம். துளிர் எதுவரை வருகிறது என்று மரமே காட்டட்டும். பட்ட பகுதியை அதன் பிறகு நீக்கலாம்.

ஓக் மரங்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். நடு டெக்சஸில் ‘ஓக் வில்ட்’ என்ற பூஞ்சை வாடல் நோய் பரவலாக இருக்கிறது. புது வெட்டுக்காயத்தின் சாற்றை நாடி வரும் சிறு வண்டுகள் நோயைக் கொண்டுவரும். அடுத்தடுத்து நிற்கும் லைவ் ஓக்குகளின் வேர்கள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் ஒரு மரத்தில் புகுந்த நோய் வரிசையாகப் பரவும். அதனால்தான் டெக்சஸ் வனத்துறை பிப்ரவரி முதல் ஜூன் வரை ஓக்கை வெட்டவேண்டாம் என்கிறது. பனியில் கருகிய மரத்தைச் சுத்தப்படுத்தக் கை பரபரக்கும் மாதங்களும் அவைதான். முறிந்து தலைக்குமேல் தொங்கும் கிளைக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. 2023 பிப்ரவரியில் ஆஸ்டினில் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் ஏராளமான கிளைகள் ஒடிந்தன. அப்படிப்பட்டவற்றை அறுத்து, வெட்டுவாயில் உடனே பெயின்ட் பூசிவிட வேண்டும். மற்ற மரங்களின் காயத்துக்குப் பெயின்ட் தேவையில்லை.

இலை இல்லாத மரத்துக்குத் தண்ணீர் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். மழை இல்லாவிட்டால் வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை, அடித்தண்டில் ஊற்றாமல், கிளைகளின் நிழல் விழும் வட்டம் முழுவதும் மெதுவாக நனையுங்கள். ஆறு முதல் எட்டு அங்குல ஆழம்வரை மண் ஈரமாக வேண்டும்; சேறாகக் கூடாது. மேலே இரண்டு முதல் நான்கு அங்குலத்துக்கு மரத்தூள் மூடாக்கு போட்டு, தண்டைச் சுற்றிக் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். உரத்தில்தான் அக்கறை தீங்காக முடிகிறது. யூரியா போன்ற தழைச்சத்து உரம், இளைத்த மரத்தை இருப்பையெல்லாம் செலவழித்து இலைவிடச் சொல்லித் துரத்தும். மரம் தெளியும்வரை அது வேண்டாம்.

பனை வகைகளின் கணக்கு வேறு. நம் தென்னையைப் போலவே அவற்றுக்கும் தண்டு ஒன்று, குருத்து ஒன்று. குருத்து அழுகினால் மரமே போய்விடும். சான் அன்டோனியோ, ஆஸ்டின் பக்கம் உயர்ந்து நின்ற மெக்சிகோ விசிறிப் பனைகள் 2021இல் பெருமளவில் மடிந்தன. டெக்சஸின் சொந்த மரமான சபால் பனை தாக்குப்பிடித்தது. நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். அழுகிய வாடையோடு கையோடு வந்தால் நிலைமை மோசம். ஆனாலும் அங்கே தாமிரப் பூஞ்சைக்கொல்லியை ஊற்றிவிட்டுக் கோடை வரை பாருங்கள். கொஞ்சம் பச்சை மிச்சமிருக்கும் மட்டைகளைக் கழிக்க வேண்டாம்.

எலுமிச்சை, ஆரஞ்சு மரங்கள் அடியிலிருந்து தழைத்து வந்தால் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். ஒட்டுக்கட்டிய இடத்துக்கு மேலே என்றால் அது உங்கள் மரம். கீழே என்றால் அது வேர்ச்செடி. வளர்த்தால் புளிப்பும் விதையுமாகக் காய்க்கும். மூன்று இலைகள் சேர்ந்த கூட்டிலையும் முள்ளும் இருந்தால் பெரும்பாலும் வேர்ச்செடிதான்.

பட்டையில் நீளவாக்கில் வெடிப்பு விழுந்திருந்தால் கட்டுப்போட வேண்டாம். சிறிய வெடிப்பை மரம் ஓரத்திலிருந்து தானே மூடிக்கொள்ளும். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். நலிந்த ஓக்கில் ‘ஹைபாக்ஸிலான்’ என்ற பூஞ்சை தலைகாட்டலாம். பட்டை உரிந்து விழுந்த இடத்தில் சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் மேலோடு படர்ந்திருக்கும். அடித்தண்டில் அதைக் கண்டால் மருந்து தேடவேண்டாம், மருந்து கிடையாது. உள்மரம் வேகமாக வலுவிழக்கும் என்பதால், வீட்டின் பக்கமோ நடைபாதையின் பக்கமோ நிற்கும் மரத்தைப் பயிற்சி பெற்ற ஆளை அழைத்து உடனே இறக்கிவிடுங்கள்.