வழக்காடாமல் மணவிலக்கு

கணவனும் மனைவியும் இனிச் சேர்ந்து வாழ முடியாது என்றாகிவிட்டால், நம் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. கோயில் தலைவரையும் பெரியவர்கள் நான்கு பேரையும் வைத்துப் பேசுவார்கள். ஒரு தாளில் இருவரும் கையெழுத்திடுவார்கள். "தீர்த்துக்கொண்டோம்" என்று சொல்லி, ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். ஆனால், பதிவான திருமணம் அந்தத் தாளால் தீர்வதில்லை. அதை நம்பி மறுமணம் செய்துகொண்டால் அந்த மணம் செல்லாது, குற்றமும் ஆகும்.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களுக்கு உரியது 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். 1982 மார்ச் முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது. மணவிலக்குக்கு அது இரண்டு வழிகளை வைத்திருக்கிறது.

ஒன்று, ஒருவர் மற்றவர்மேல் மனுப் போடுவது. பிறரோடு தொடர்பு, கொடுமை, கைவிட்டுப் போனது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி, மணவாழ்வு முறிந்துவிட்டதென நிரூபிக்க வேண்டும். அதற்கு முன் பெரும்பாலும் தேசியப் பதிவிலாகாவின் சமரசக் குழுவிடம் போகவேண்டும். பிறகு சாட்சி, குறுக்கு விசாரணை, வழக்கறிஞர் கட்டணம், வேலைக்குப் போகாத நாட்கள். அன்றாடம் வேலைக்குப் போனால்தான் கூலி என்றிருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய சுமை.

மற்றது, இருவரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுப்பது. சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. திருமணமாகி 2 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். இங்கே யார்மேல் குற்றம் என்று எவரும் கேட்பதில்லை. சமரசக் குழுவுக்கும் போக வேண்டியதில்லை. உயர்நீதிமன்ற நீதிபதி பார்ப்பது இரண்டே. இருவரும் மனமொப்பித்தான் கேட்கிறார்களா? மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தக்க ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறதா?

அந்த ஏற்பாட்டைப் பேசி முடிப்பதுதான் உண்மையான வேலை. அவசரப்படாமல், மனுவுக்கு முன்பே பேச வேண்டும். பிள்ளை யாரிடம் இருக்கும், மற்றவர் எந்த நாளில் வந்து பார்ப்பார் என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். இது எழுதப்படாமல் போனதால் இரு வீட்டாரும் பள்ளி வாசலில் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்ததை ஆசிரியர்களாகிய நாம் பார்த்திருக்கிறோம். 7 வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்பதுதான் சட்டத்தின் தொடக்கக் கருத்து. தக்க காரணம் இருந்தால் அது மாறலாம்.

பிள்ளைச் செலவை மாதம் இத்தனை வெள்ளி, இன்ன தேதிக்குள் என்று குறிப்பிடுங்கள். "முடிந்ததைத் தருகிறேன்" என்பது ஏற்பாடு ஆகாது. முன்பு பொதுவாக 18 வயதுவரைதான் இந்தக் கடமை இருந்தது. 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின், மேற்படிப்பு முடியும்வரை அது நீளலாம். படிக்கிற பிள்ளை உள்ளவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

அடுத்தது வீடு. லயத்து வீடு தோட்ட நிர்வாகத்தினுடையது. வேலை செய்பவரை நம்பியே அது இருக்கிறது. அதைப் பங்கு போட முடியாது. கணவர் பெயரில் வீடு இருந்தால், மனைவியும் பிள்ளைகளும் எங்கே போவார்கள், வாடகைக்கு முன்பணம் யார் கொடுப்பார் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். நம் மக்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான். தவணையில் வாங்கிய வீடு, நகை, மோட்டார் சைக்கிள், கூட்டுறவுச் சங்கப் பணம், கடன் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் சண்டை குறையும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். அடி உதை உள்ள வீட்டில், பயந்துகொண்டு போடும் கையெழுத்து மனமொப்பிய கையெழுத்து அல்ல. அப்படிப்பட்ட பெண் முதலில் போலீசிடமோ சமூக நல இலாகாவிடமோ போகட்டும். 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு உத்தரவு பெறலாம். பேச்சுவார்த்தை பிறகு இருக்கட்டும்.

பேசி முடித்ததை வழக்கறிஞர் மனுவாக எழுதுவார். கட்டணத்துக்கு வழியில்லாதவர்கள், வருமானம் வரம்புக்குள் இருந்தால், ஜபாத்தான் பந்துவான் குவாமான் என்னும் சட்ட உதவி இலாகாவில் விண்ணப்பிக்கலாம். போகும்போது திருமணப் பதிவுச் சான்றிதழ், இருவரின் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

நீதிபதி முதலில் தருவது இடைக்காலத் தீர்ப்பு. பொதுவாக 3 மாதம் கழித்தே அதை இறுதித் தீர்ப்பாகக் கேட்டுப் பெற முடியும். அதுவரை இருவரும் சட்டப்படி கணவன் மனைவிதான். இறுதித் தீர்ப்பின் நகலை இருவரும் தனித்தனியே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மறுமணத்தைப் பதியப் போகிற அன்று பதிவிலாகாவில் அதைத்தான் கேட்பார்கள்.