சர்க்கரையில் தொடங்குங்கள்!



ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் என் பழைய மாணவர் அண்மையில் மதரஸாவுக்கு வந்திருந்தார். “ஹஜ்ரத்! ஏற்றுமதிப் பிரிவுக்கு ஸ்பானிய மொழி தெரிந்தவர் தேவையாம். எனக்கு அது வருமா?” என்று தயங்கியவாறே கேட்டார்.

கேள்வியில் நியாயம் உண்டு. 2014இல் மெக்சிகோவில் ஹூண்டாய் விற்பனையைத் தொடங்கியபோது, நம் இருங்காட்டுக்கோட்டையில் உருவான கார்களும் அங்குச் சென்றன. சுமார் 20 நாடுகளுக்கு ஸ்பானியமே ஆட்சிமொழி. எனவே அவருக்காக நானும் ஒரு தொடக்க நூலைப் புரட்டலானேன்.

முதலில் வினைச்சொற்கள். தமிழில் ‘பேசுகிறேன்’ என்றாலே பேசுபவர் யாரென விளங்கிவிடும், அரபியிலும் அவ்வாறே. ஸ்பானியத்திலும் ‘அப்லோ’ என்றால் பேசுகிறேன், ‘அப்லாஸ்’, பேசுகிறாய், ‘அப்லாமோஸ்’, பேசுகிறோம். ‘கோமோ’ என்பது உண்கிறேன், ‘பிவோ’, வசிக்கிறேன். தன்மை ஒருமையில் மூன்றும் ‘ஓ’ என்றே முடிவதைக் காண்க!

அடுத்து, ‘நான் ஆசிரியன்’ என்பதற்கு ‘ஸோய்’ என்றும், ‘வீட்டில் இருக்கிறேன்’ என்பதற்கு ‘எஸ்தோய்’ என்றும் இரு வேறு வினைகள் உண்டு. ‘இருக்கிறேன்’ எனத் தமிழில் சொல்ல வேண்டிய இடம் எதுவோ, பெரும்பாலும் அதுவே ‘எஸ்தோய்’ வரும் இடம்.

சொற்களோ நமக்கு இன்னும் நெருக்கமானவை. அரபியின் ‘அஸ்ஸுக்கர்’ அங்கே ‘அஸூகர்’, அதாவது சர்க்கரை. ‘அஸ்ஸைத்’ என்பது ‘அஸெய்தே’, எண்ணெய். ‘அல்குத்ன்’ என்பது ‘அல்கோதோன்’, பருத்தி. சூரத்துல் கத்ரின் இறுதி வசனத்தில் நாம் ஓதும் ‘ஹத்தா’, அதாவது ‘வரை’, அங்கே ‘ஆஸ்தா’ ஆயிற்று. ‘ஆஸ்தா மஞ்ஞானா’ என்றால் ‘நாளை சந்திப்போம்’.

கி.பி. 711 முதல் 1492 வரை அந்தலூஸில் நிலவிய முஸ்லிம் ஆட்சியின் சுவடுகள் இவை. 1567இல் மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆணை, கிரனாடாவில் வாழ்ந்த முஸ்லிம் வழித்தோன்றல்கள் மூன்றாண்டுகளுக்குள் அரபியைக் கைவிட வேண்டுமென்றது. ஆயினும் அடுக்களையில் குடியேறிய சொற்களை எந்த ஆணையாலும் வெளியேற்ற இயலவில்லை.

‘சுக்கர்’ எனும் அரபிச் சொல்லும், சமஸ்கிருதத்தின் ‘சர்க்கரா’ பாரசீகம் வழியே சென்றடைந்ததுதான். நம் சர்க்கரையும் அதே வேரினது. இந்நாட்டிலிருந்து புறப்பட்ட சொல்லை மீண்டும் கற்க நாம் அஞ்சலாமா?

பெற்றோரே! “நமக்கு இதெல்லாம் எதற்கு?” என்று பிள்ளைகளைத் தடுத்துவிடாதீர்கள். நாளொன்றுக்கு ஐந்து சொற்கள், ஒரு வினை. குர்ஆன் பாடத்தைப் போலவே வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். பெண்மக்களும் உடன் அமரட்டும். என் மாணவர் இப்போது விடைபெறும்போது, ஸலாமுடன் “ஆஸ்தா மஞ்ஞானா, ஹஜ்ரத்!” என்கிறார். அவரது தயக்கம் அகன்றுவிட்டது.