காக்கிக்கு இரண்டு மடங்கு

குரும்பலூர் டீக்கடையில் அந்தக் கல்லூரித் தம்பிக்குக் கோபம் அடங்கவில்லை. ஹெல்மெட் போடவில்லை என்று ஆயிரம் ரூபாய்க்குக் கேஸ். "எனக்குச் சலான் போட்டுக்கிட்டு இருக்கும்போதே ரெண்டு போலீஸ்காரங்க வெறுந்தலையா பைக்ல போறாங்கண்ணே. சட்டம் நமக்கு மட்டும்தானா?"

அவங்களுக்கும் உண்டு தம்பி, நம்மைவிட இரண்டு மடங்கு என்றேன். ஆறுதலுக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்தான்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் வந்தது. 2019இல் அதைத் திருத்தி, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அபராதங்களை ஏகத்துக்கும் ஏற்றினார்கள். அப்போது சேர்த்த பிரிவுகளில் 210பி என்று ஒன்று இருக்கிறது. மொத்தமே ஒரு வாக்கியம்தான்: இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் பெற்றவரே இதை மீறினால், அந்தக் குற்றத்துக்குரிய அபராதத்தைப் போல இரு மடங்கு கட்ட வேண்டும். உனக்கு ஆயிரம் என்றால் அவருக்கு இரண்டாயிரம். ஹெல்மெட் பற்றிய 129ஆம் பிரிவில் தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு விலக்கு இருக்கிறது. போலீஸ் தொப்பிக்கு இல்லை.

"அப்ப சைரன் போட்டுக்கிட்டு சிக்னல்ல நிக்காம போறாங்களே?"

நல்ல கேள்வி. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, போலீஸ் வண்டி மூன்றுக்கும் அவசரத்தில் அந்தச் சலுகை உண்டு. விளக்கும் சைரனும் போட்டு, யார் மேலும் மோதாமல் பார்த்துப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு. திருடனைத் துரத்தும் ஜீப் சிக்னலைத் தாண்டலாம்; அதே ஜீப் புரோட்டா வாங்கப் போகும்போது நின்றுதான் ஆக வேண்டும். சலுகை அந்த நேரத்து வேலைக்கு. உடுப்புக்கு என்று எதுவும் இல்லை.

இந்த வித்தியாசம் மறந்துபோனால் என்ன ஆகும் என்பதை 2024 மே மாதம் நாங்குநேரியில் பார்த்தோம். நாகர்கோவிலிலிருந்து தூத்துக்குடி போகும் அரசுப் பேருந்தில் சீருடையோடு ஏறிய காவலர் டிக்கெட் எடுக்க மறுத்தார். நடத்துனர் விடவில்லை. அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. பணிக்காகப் போவதற்கான பயண வாரண்ட் இருந்தால்தான் இலவசம் என்று போக்குவரத்துத் துறை விளக்கம் கொடுத்தது. அடுத்த சில நாட்களில் பல ஊர்களில் அரசுப் பேருந்துகளைப் போலீஸ் மடக்கியது. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்கு ஒரு கேஸ், ஓட்டுநர் சீட் பெல்ட் போடாததற்கு இன்னொன்று. கடைசியில் இரண்டு துறைச் செயலாளர்களும் உட்கார்ந்து பேசித்தான் தணிந்தது. காவலரும் நடத்துனரும் கட்டிப்பிடித்துக்கொண்ட வீடியோவும் வந்தது. எனக்கு அந்தக் கட்டிப்பிடியில் பெரிய சந்தோஷம் இல்லை. சீட் பெல்ட் கேஸ் நியாயம் என்றால் முந்தின வாரமும் அது நியாயம்தானே? கோபம் வந்தால் எடுப்பது, தணிந்தால் வைப்பது என்றால் அதற்குப் பெயர் சட்டமா?

சரி, 210பி ஏன் நம் கண்ணில் படுவதில்லை? சலான் போடும் அதிகாரம் பொதுவாக எஸ்.எஸ்.ஐ. எனும் சிறப்பு உதவி ஆய்வாளருக்கும் அதற்கு மேலுள்ளவர்களுக்கும்தான். வெறுந்தலையோடு வருகிறவர் தன் இன்ஸ்பெக்டராக இருந்தால் அந்த எஸ்.எஸ்.ஐ. என்ன செய்வார்? சல்யூட் அடிப்பார். நாளைக்கு அவரிடம்தான் லீவு கேட்க வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று சொன்ன சட்டம், யார் போய்ப் போடுவது என்பதை அவர்கள் வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டது. கேமரா பிடித்து எண் பலகைக்குச் சலான் அனுப்பினால் இந்தச் சங்கடம் பாதி தீரும். ஆனால், அந்த வண்டிக்காரர் போலீஸ் என்று கேமராவுக்குத் தெரியாது; ஒரு மடங்கோடு போய்விடும்.

இதையெல்லாம் சொன்னதால் உன் ஆயிரம் ரூபாய் தள்ளுபடி ஆகாது தம்பி. அவர் தலை அவருக்கு, உன் தலை உனக்கு. கட்டிவிடு.

கட்டிவிட்டு இன்னொன்றும் செய். ஒரு வெள்ளைத்தாளில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 2019 செப்டம்பரிலிருந்து 210பி பிரிவில் எத்தனை பேருக்கு அபராதம் போட்டீர்கள் என்று பெரம்பலூர் மாவட்டக் காவல் அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது அவர்களுக்கான விதி.