ஆலோசனை உதவியதா என்று எப்படி அளப்பது?

2018 மார்ச் 9, வெள்ளிக்கிழமை. கண்ணியமாகச் சாவதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்த வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் ஒரு குழு கூட வேண்டும், கலெக்டர் இன்னொரு குழு அமைக்க வேண்டும், மாஜிஸ்திரேட் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று வழிமுறையும் வகுத்தது.

ஒரு நாள் விட்டு, ஞாயிற்றுக்கிழமை, போடிக்கு மேலே குரங்கணிக்கும் கொழுக்குமலைக்கும் இடைப்பட்ட சரிவில் மலையேற்றக்காரர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. ஊர்மக்கள் இருட்டில் சுமந்து இறக்கியவர்கள் போடி அரசு ஆஸ்பத்திரிக்கும், க.விலக்கில் உள்ள தேனி மருத்துவக் கல்லூரிக்கும், மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கும் போனார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் மலையில் அல்ல, பல நாள் கழித்துக் கட்டிலில்.

பெரும் தீக்காயம் மற்ற ஆபத்துகளைப் போன்றதல்ல. உடம்பில் எண்பது, தொண்ணூறு சதவீதம் வெந்தவர் முதல் சில மணி நேரம் தெளிவாகப் பேசக்கூடும். தோல் ஆழமாக வெந்த இடத்தில் நரம்பு நுனிகளும் அழிந்துவிடுவதால் அங்கே வலி குறைவு. பெயர் சொல்வார், தண்ணீர் கேட்பார், அம்மாவுக்குப் போன் போடச் சொல்வார். உள்ளே ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கியிருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 80 சதவீதக் காயம் என்றால், பார்க்லண்ட் கணக்குப்படி முதல் நாளில் ஏற்ற வேண்டிய திரவம் 19 லிட்டருக்கும் மேல். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள். தொண்டை வீங்கும். மூச்சுக்குழலில் குழாய் போட்டாக வேண்டும். போட்டதும் பேச்சு நின்றுவிடும். நோயாளியிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் அதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.

லாஸ் ஏஞ்சலிஸில் இம்பஸ் என்ற நர்சும் ஜவாக்கி என்ற மருத்துவரும் அப்படிக் கேட்டார்கள். இவ்வளவு காயத்தோடு யாரும் பிழைத்ததாக முன்னுதாரணம் இல்லை என்பதை நோயாளியின் கையருகே உட்கார்ந்து சொல்லி, முழு முயற்சி வேண்டுமா, வலியைத் தணிக்கும் பராமரிப்பு போதுமா என்று விசாரித்தார்கள். பெரும்பாலோர் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். 1977-ல் அவர்கள் இதைப் பற்றி வெளியிட்ட கட்டுரை இன்றும் விவாதிக்கப்படுகிறது. பேச முடிந்ததாலேயே ஒருவர் தெளிவோடுதான் முடிவெடுக்கிறார் என்று சொல்லிவிட முடியுமா? அதிர்ச்சியில் இருப்பவர் அல்லவா? நியாயமான கேள்வி. இரவுப் பணியில் இருக்கும் இளம் டாக்டரும் நர்சும் இதைத் தனியாகத் தீர்க்க முடியாது. யாரைக் கேட்பது?

நம் ஆஸ்பத்திரிகளில் ‘எத்திக்ஸ் கமிட்டி’ என்றால் பெரும்பாலும் மருந்துச் சோதனைக்கும் ஆராய்ச்சிக்கும் அனுமதி தரும் குழு. கட்டிலருகே நிற்பவருக்குத் துணை வரும் குழு வேறு; அது தருவதுதான் நெறி ஆலோசனை. அதன் வரலாற்றுக்கு ஒரு பத்திகூடத் தேவையில்லை: 1960-களின் தொடக்கத்தில் சியாட்டிலில் டயாலிசிஸ் இயந்திரம் யாருக்கு என்று தீர்மானிக்க ஒரு குழு உட்கார்ந்தது, 1976-ல் கேரன் குயின்லன் வழக்கில் நியூ ஜெர்சி நீதிமன்றம் ஆஸ்பத்திரி நெறிக்குழுவைக் குறிப்பிட்டது, பிறகு இது பரவியது. இன்று பயிலரங்குகள், சான்றிதழ்கள், மென்பொருள்கள் என்று பெரிய வாக்குறுதிகளோடு வருகிறது. இவையெல்லாம் உண்மையில் உதவுகின்றனவா என்று கேட்பதுதான் என்னை ஈர்க்கும் அறிவியல்.

எதை அளப்பது? மரண எண்ணிக்கையையா? ஷ்னைடர்மனும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் ஏழு ஆஸ்பத்திரிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், சிகிச்சை குறித்துக் கருத்து மோதல் எழுந்த 551 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நெறி ஆலோசனை உண்டு, மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. 2003-ல் முடிவு வந்தது: இறப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் ஆலோசனை வீண் என்று எழுதியிருப்பார்கள். வீடு திரும்பாமல் இறந்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆலோசனை கிடைத்த பக்கத்தில் அவர்கள் ஆஸ்பத்திரியில் கழித்த நாட்கள் சராசரியாக ஏறத்தாழ மூன்று குறைந்தன. வென்டிலேட்டர் நாட்களும் குறைந்தன. பிழைக்க வேண்டியவர்களை யாரும் கைவிடவில்லை. எப்படியும் இறக்கப்போகிறவர்களின் வேதனை சுருங்கியது.

போடியில் ஏலக்காய் வியாபாரிகளுக்கு இந்தச் சூட்சுமம் புதிதல்ல. சல்லடையில் நின்ற காயெல்லாம் நல்ல காய் ஆகாது. ஏழு மில்லிமீட்டர் இருந்தாலும் லிட்டருக்கு 435 கிராம் தேறவில்லையென்றால் அக்மார்க்கின் உச்சத் தரம் கிடைக்காது. உள்ளே அரிசி என்கிற விதை வற்றிப்போன பொக்குக் காயை லிட்டர் வெயிட் காட்டிக்கொடுத்துவிடும். மரண எண்ணிக்கை சல்லடை என்றால், இறந்தவர்களின் கடைசி நாட்கள் லிட்டர் வெயிட். ‘ஆலோசனை உங்களுக்குத் திருப்தியளித்ததா?’ என்ற படிவம் நிறம். சலவை சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தினால் காய் பச்சையாகவே இருக்கும்; பச்சை அழகுதான், விலையும் கூட்டும், அதை வைத்து உள்ளே அரிசி இருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஷ்னைடர்மன் ஆய்விலும் 87 சதவீதம் பேர் ஆலோசனை உதவியது என்றார்கள். பெரும்பாலான மதிப்பீடுகள் இந்த நிறத்தோடு நின்றுவிடுகின்றன.

ஐரோப்பியர் கொஞ்சம் ஆழமாகப் போக முயன்றார்கள். நெதர்லாந்தில் டாக்டரும் நர்சும் சிகிச்சையாளரும் வட்டமாக உட்கார்ந்து ஒரே ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவார்கள். நடத்துபவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், கேள்வி மட்டும் கேட்பார். இதை மதிப்பிட 2014-ல் உருவான யூரோ எம்சிடி என்ற கேள்வித்தாளில் 26 அம்சங்கள் இருந்தன. 2020-ல் அது 15-ஆகச் சுருங்கி மூன்று தலைப்புகளில் நின்றது: நெறித் திறன், சேர்ந்து யோசித்தல், செயல். அந்த மூன்றாவதை நான் முதலில் வைப்பேன். பேசியதால் மறுநாள் வார்டில் என்ன மாறியது?

நம் சட்டமும் நகர்ந்திருக்கிறது. 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் தன் வழிமுறையை எளிதாக்கியது: குழுக்கள் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்தால் போதும். வென்டிலேட்டரில் வாரக்கணக்கில் கிடப்பவருக்கு இது பெரிய விடுதலை. தீக்காயக்காரருக்கு 48 மணி நேரம் மிக நீளம்.

போடிமெட்டு வழியாகத் தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் தொழிலாளிகள் அடிபட்டு வந்தாலும் இதே நிலைதான். ‘மேலே ரெஃபர் பண்ணிடுவோம்’ என்ற வார்த்தைதான் சின்ன ஆஸ்பத்திரியின் நெறி ஆலோசனை. சில நேரம் அதுவே சரி. சில நேரம் மதுரை வரை தொண்ணூறு கிலோமீட்டர் ஆம்புலன்சில் போய், உறவுக்காரர் முகம் பார்க்காமல் வழியிலேயே முடியும் பயணம். அதனால் இங்கே அளக்க வேண்டியதை நான் இப்படி எழுதுவேன்: நோயாளி வந்த எத்தனை நிமிடத்தில் மூத்தவர் ஒருவர் போனில் கிடைத்தார், குழாய் போடும் முன் நோயாளியிடம் யாராவது பேசினார்களா, பேசியது கேஸ் ஷீட்டில் இருக்கிறதா, வலிக்கு மார்ஃபின் கொடுக்கப்பட்டதா, முடிவு எடுக்கும்போது அங்கிருந்த நர்சின் கருத்தைக் கேட்டார்களா. இந்த ஐந்தையும் குறித்துவைக்க ஒரு நோட்டு போதும்.